பத்தாம் வகுப்பு வரை வராதவர்களையும் சந்திப்புக்கு அழைப்பது எப்படி?

குகைவாசி 96 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலம் குகைப் பகுதியை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1996 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய செட்டைச் சேர்ந்தவன் நான். (வெளியூர் அன்பர்கள் என் பெயரைப் பார்த்துத் துறவி என்று எண்ணிவிட வேண்டாம், குகை என்பது எங்கள் ஊரில் ஒரு பேட்டை.) 1991 ஜூனில் நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது சேலம் நகராட்சியாக இருந்தது, ஒன்பதாம் வகுப்புக்குப் போன 1994ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆகிவிட்டது. பள்ளியை விட்டு வெளியே வந்து முப்பது ஆண்டுகள் ஆவதையொட்டி ஒரு சந்திப்பு நடத்தலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முடிவாகியிருக்கிறது. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள், தலைக்கு 4,500 ரூபாய் என்பதுதான் இப்போதைய திட்டம். ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

குழுவில் இருக்கும் 58 பேரும் பொதுத்தேர்வுக்கு அனுப்பப்பட்ட பெயர்ப்பட்டியலிலிருந்து ஒருவர் மூலம் ஒருவராகச் சேர்ந்தவர்கள். அந்தப் பட்டியலைத்தான் நானும் முழுமையானது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் அக்கா மகளுக்குக் கொலுசு செய்யச் சொல்வதற்காகச் சிவதாபுரம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒருவர் தரையில் அமர்ந்து, கொலுசுக் கண்ணிகளைத் தகட்டின் மீது வரிசையாக அடுக்கி, வெங்காரத் தண்ணீரைத் தொட்டுவைத்து, கண்ணிகளை ஒட்டவைக்கும் பற்றாசுப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். நெருப்பைக் காட்டுவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர், என் பெயரை, வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பதைப் போல முன்னெழுத்தோடு சேர்த்துச் சொன்னார். எட்டாம் வகுப்பு வரை எனக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருந்தவர் அவர். நான் சந்திப்பைப் பற்றிச் சொன்னேன். “நான் பத்தாவது வரைக்கும் வரவில்லையே, அது உங்கள் செட்டுக்குத்தானே?” என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டார். அதில் வருத்தமோ குத்தலோ தெரியவில்லை. ஒரு விவரத்தைச் சரிபார்ப்பது போலத்தான் கேட்டார்.

அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருந்தன, பெஞ்சு போதாமல் சிலர் தரையில் அமர்ந்தோம். பத்தாம் வகுப்பில் ஒரே பிரிவு, எல்லோருக்கும் பெஞ்சு இருந்தது. இடையில் போனவர்கள் கொலுசுப் பட்டறைக்கும், தறிக்குத் தார் சுற்றவும், லாரிப் பட்டறைக்கும் போனார்கள் என்பது அப்போதே எங்களுக்குத் தெரியும். ஆனால் முப்பது ஆண்டுகளாக அவர்களில் ஒருவரையும் எந்தப் பட்டியலிலும் நாங்கள் எழுதவில்லை.

இவர்களுடைய பெயர்களை எங்கே பெறுவது? வீடு தேடிப் போய் அழைத்தால், ‘எதற்கு இப்போது திடீரென்று?’ என்று தோன்றாதவாறு அழைப்பது எப்படி? நாள் கூலி வாங்குபவரும் வெளிநாட்டில் இருப்பவரும் வரும் ஒரு நிகழ்ச்சிக்குப் பங்குத்தொகையை எப்படி வைப்பது? இடம் மலையா, பள்ளியா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஐந்துரோடு

நண்பரே, உங்கள் எண்ணம் நல்லதுதான் என்றாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் செட் ஏற்காட்டில்தான் கூடியது. ஏரிக்கரையில் நடந்தோம், இரவு குளிரில் தீ மூட்டி உட்கார்ந்து விடியும்வரை பேசினோம். மண்டபத்தில் மதியச் சாப்பாட்டோடு முடியும் நிகழ்ச்சியில் அப்படியான பேச்சு வராது. பள்ளியை இடையில் விட்டவர்களில் சிலருக்குப் பள்ளி என்றாலே கசப்பான நினைவு இருக்கக்கூடும். அவர்களை நாம் வலிந்து அழைப்பது நம் மனநிறைவுக்காகவா, அவர்களுக்காகவா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. வர விரும்புபவர்கள் வரட்டும். ஆனால் திட்டத்தையே அதற்காக மாற்ற வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

பழைய பதினொன்று

தம்பி குகைவாசிக்கு. 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன்பு, பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பிறகு சேலம் மாவட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியராகவும் சில ஆண்டுகள் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என்னால் நேராகவே பதில் சொல்ல முடியும்.

நீங்கள் கையில் வைத்திருப்பது தேர்வுக்கு அனுப்பிய பட்டியல். நீங்கள் தேட வேண்டியது சேர்க்கைப் பதிவேடு. வருகைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு கழித்துவிடுவார்கள். சேர்க்கைப் பதிவேடு அப்படியல்ல, எவ்வளவு பழையதானாலும் பள்ளியில் வைத்துக் காக்க வேண்டிய நிரந்தரப் பதிவேடு அது. இரண்டாம் படி மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஐம்பது வயதில் வருபவருக்கும் அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொடுப்பார்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1991–92ஆம் கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயரும், தந்தை பெயரும், அப்போதைய தெருவும் மட்டும் தேவை என்று குறிப்பிடுங்கள். பதிவேட்டைப் படமெடுக்க அனுமதி கேட்காதீர்கள். அதில் சாதி, பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். பொறுப்பான தலைமை ஆசிரியர் எவரும் அதைக் கைப்பேசியில் படமெடுக்க விடமாட்டார், விடவும் கூடாது. அலுவலக உதவியாளர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வாருங்கள். மாணவர் விலகிய தேதிக்கும் காரணத்துக்கும் அதில் தனித்தனிப் பத்திகள் உண்டு. வேறு பள்ளிக்கு மாறியவர் யார், நின்றுபோனவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்துரோடு நண்பர் எழுப்பிய ஐயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன், ஏனென்றால் அதற்கு நானே ஓர் உதாரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செட்டின் சந்திப்புக்கு என்னை அழைத்து, மாலை போட்டு, மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் அருகில் வந்து என் இலைக்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, “ஐயா, நீங்கள் ஏழாவதில் பிரம்பால் அடித்த மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கு வரவில்லை, கட்டணம் கட்டாததற்காக அடித்தீர்கள் என்று வீட்டில் சொன்னேன், உண்மையில் வீட்டுப்பாடம் எழுதாததற்காகத்தான் அடித்தீர்கள்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்த மாணவரின் முகம் நினைவில்லை. அடித்தது நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேன், “அதை விடுங்கள் ஐயா, வடை போடச் சொல்லட்டுமா?” என்று நகர்ந்துவிட்டார். அவரை அழைத்திருக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. என்னை அழைப்பதற்கு முன்புதான் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் ஆசிரியர்களின் பட்டியல் போடும்போது இதை மனத்தில் வையுங்கள். எல்லா ஆசிரியரையும் எல்லா மாணவரும் பார்க்க விரும்புவார்கள் என்பது கட்டாயமில்லை.

வரும் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வேண்டுகோளும் உண்டு. எண்பது வயதை நெருங்கியவரின் முன்னால் வரிசையாக வந்து நின்று, “நான் யார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று கேட்கும் விளையாட்டு எல்லாச் சந்திப்புகளிலும் நடக்கிறது. முதலிரண்டு பேரைச் சமாளித்துவிடலாம், மூன்றாமவரிடம் தோற்றுவிடுவோம், பிறகு நிகழ்ச்சி முடியும்வரை அந்த வெட்கம் போகாது. பெயரையும் ஆண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை மாணவி

வணக்கம் அண்ணா. உங்கள் பள்ளி இருபாலரும் படித்த பள்ளியா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இருபாலர் பள்ளியாக இருந்தால் இதைப் படியுங்கள்.

எங்கள் செட்டில் பெண்களைத் தேடியபோது, பதிவேட்டில் இருந்த பெயரை வைத்து ஒருவரையும் நேராகக் கண்டுபிடிக்க முடியவில்லை. திருமணத்துக்குப் பிறகு முன்னெழுத்து மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், கைப்பேசி எண் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். ஆகவே நாங்கள் தாய்வீடுகளைத் தேடிப் போனோம். அம்மாப்பேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் தறிக்குழி இருந்த வீடுகள் பல இடிக்கப்பட்டு மாடி வீடுகளாகிவிட்டாலும், தெருவில் நின்று அப்பாவின் பெயரையும் ‘பாவு போட்டவர்’, ‘சாயப்பட்டறையில் இருந்தவர்’ என்ற அடையாளத்தையும் சொன்னால் நான்காவது வீட்டுப் பாட்டிக்காவது தெரிந்துவிடுகிறது. இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் ஒரு தெருவை முடித்துவிடலாம். தொலைபேசியில் ஒரு மாதம் முயன்றும் நடக்காதது எங்களுக்கு மூன்று ஞாயிறுகளில் நடந்தது.

அச்சடித்த அழைப்பிதழ் கட்டாயம் வேண்டும். செலவு என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைக் காட்டி, “நான் போய்விட்டு வரட்டுமா?” என்று மாமியாரிடம் கேட்க முடியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. மஞ்சள் தடவிய அழைப்பிதழைக் குங்குமத்தோடு இரண்டு தோழிகள் நேரில் வந்து வைத்துவிட்டால், அது அந்த வீட்டுக்கே வந்த அழைப்பாகிவிடும். போகாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவாகும். எங்கள் தோழி ஒருத்தியின் மாமியார் அந்த அழைப்பிதழைப் பூஜை அறைக் காலண்டரில் செருகி வைத்து, நாள் தவறாமல் அவரே நினைவூட்டினார். ‘குடும்பத்துடன் வருக’ என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள்.

ஏற்காட்டில் இரவு தங்கல் என்று அறிவித்த அன்றே உங்கள் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் மனத்துக்குள் பெயரை நீக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காரணம் சொல்லமாட்டார்கள். “அன்றைக்கு ஒரு விசேஷம் இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடியும்படி வைத்தால் வெளியூரில் இருப்பவரும் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். விடியும்வரை பேச விரும்புபவர்கள் மறுநாள் தனியாக மலைக்குப் போகட்டும், யாருக்கும் தடையில்லை.

இன்னொன்று: பெண்களின் எண்களைக் கேட்காமல் பொதுக்குழுவில் சேர்க்காதீர்கள். எங்கள் குழுவில் சேர்த்த முதல் வாரமே ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ‘நலமா?’ என்று தனிச் செய்தி அனுப்பத் தொடங்கினார். இரண்டு பேர் வெளியேறினார்கள், பிறகு சந்திப்புக்கும் வரவில்லை. பெண்களுக்குத் தனிக்குழு வைத்து, அதிலிருந்து ஒருவர் மட்டும் ஏற்பாட்டுக் குழுவில் இருப்பது எங்களுக்கு ஒத்துவந்தது.

நாள் பற்றி: ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி வைத்துப் பாருங்கள். ஊர் முழுக்க மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டி, பொங்கல், தரையில் உருண்டு வரும் உருளுதண்டம், உங்கள் குகையில் சாமி வேடமிட்டு வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை என்று நடக்கும் அந்த நாட்களில், கட்டிக்கொடுத்த பெண்கள் எப்படியும் தாய்வீட்டுக்கு வருவார்கள். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களும் அந்த வாரத்தில்தான் ஊரில் இருப்பார்கள். அடுத்து வரும் ஞாயிறு பொருத்தமாக இருக்கும்.

காப்பிக்காடு

நான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன். எங்கள் ஊர்களிலும் இதே கதைதான், பட்டறைக்குப் பதிலாகக் காப்பித் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழம் சிவக்கத் தொடங்கினால் வகுப்பில் ஆள் குறையும் வழக்கம் மட்டும் என் காலம் வரை மாறவில்லை. நவம்பரில் பழம் பறிக்கப் போன பிள்ளைகளில் சிலர் பொங்கலுக்குப் பிறகு திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். விடுதியில் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைவாரிவிட்ட அண்ணன் ஒருவர் அப்படித்தான் ஒன்பதாம் வகுப்பில் நின்றார்.

நாங்கள் கூடியது மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மறுநாள். அன்றைக்கு ஆட்களைத் தேட வேண்டியதே இல்லை. மலையில் பிறந்தவன் எங்கே இருந்தாலும் அதற்கு வந்துவிடுவான். கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஊர்களுக்கு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் சொல்லி அனுப்பினோம். அவர் கோயில் திடலில் வாயால் சொன்ன அழைப்புக்கு, நாங்கள் குழுவில் போட்ட எந்த அழைப்பையும்விட அதிகம் பேர் வந்தார்கள். ஆகவே அம்மாப்பேட்டை அக்கா சொல்வது சரி என்பது என் அனுபவம்: மக்கள் ஏற்கெனவே கூடும் நாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நாமாக ஒரு நாளைக் குறித்துவிட்டு மக்களைக் கூட்டக் கூடாது.

இடத்தைப் பற்றி மலைக்காரனான நானே சொல்கிறேன், முதல் சந்திப்பை ஏற்காட்டில் வைக்காதீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள்; மூட்டுவலியும் தலைச்சுற்றலும் உள்ள ஆசிரியர்களை அதில் ஏற்றிக்கொண்டு வந்தால், வந்து சேர்ந்ததும் முதல் ஒரு மணி நேரம் எலுமிச்சம்பழம் தேடுவதில் போய்விடும். மே மாதக் கோடை விழா நேரத்தில் வாகனங்கள் வளைவுக்கு வளைவு நிற்கும். குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தாலும் ஏரிப்பக்கம் வந்து மாட்டிக்கொள்வீர்கள். ஆண்டுக் கடைசி என்றால் மழையை நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் கூலிக்காரர் ஒருவருக்கு இரண்டு நாள் சந்திப்பு என்றால் 4,500 ரூபாயோடு இரண்டு நாள் கூலியும் சேர்ந்த செலவு. குழுவில் யாரும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டார்கள்.

பேரேடு

கணக்குத் தொழிலில் இருப்பவன் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கோயில் திருவிழாவின் தலைக்கட்டு வரியைப் போல எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைப்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். கட்ட முடியாதவர் அதைச் சொல்லமாட்டார், வராமல் இருந்துவிடுவார். ‘வசதியில்லாதவர்களுக்கு விலக்கு’ என்று அறிவிப்பது அதைவிட மோசம். பள்ளி வளாகத்தில் வைத்தால் மண்டப வாடகை இல்லை. சாப்பாடு, பந்தல், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை என்று மொத்தச் செலவை முதலில் எழுதிப் பாருங்கள். ஏற்காட்டுத் திட்டத்தில் பத்துப் பேர் கட்டும் தொகையிலேயே அதில் பெரும்பகுதி அடங்கிவிடக்கூடும். அந்தப் பத்துப் பேரிடம் தனியாகப் பேசி முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கட்டணமே இல்லை என்று அழைப்பிதழ் அடியுங்கள். கொடுக்க விரும்புபவர்களுக்கு வாசலில் பூட்டிய பெட்டி ஒன்றும், பெயர் எழுதாத வெற்று உறைகளும் வையுங்கள். மொய் நோட்டைப் போல யார் எவ்வளவு என்று மேடையில் வாசிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு சந்திப்பில் ஐம்பதாயிரம் கொடுத்தவரின் பெயரை வாசித்து, கைத்தட்டி, அடுத்து இருநூறு கொடுத்தவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அவர் சாப்பிடாமல் போனதை நான் பார்த்தேன்.

ஒருவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில் எல்லாப் பணத்தையும் வாங்குவது அவருக்கும் நல்லதல்ல, குழுவுக்கும் நல்லதல்ல. இந்த முறை மட்டும் என்றால் இருவர் கூட்டாக ஒரு கணக்குத் தொடங்கி, நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவைக் குழுவில் போட்டு மூடிவிடலாம். ஆண்டுதோறும் தொடர்வது என்று முடிவானால் மட்டும் சங்கமாகப் பதியுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். துணைவிதிகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும், பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தப் பின்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவு செய்த உற்சாகம் இரண்டாம் ஆண்டிலேயே ஆறிப்போய், தாக்கல் செய்ய ஆளில்லாமல் கிடக்கும் சங்கங்களின் கோப்புகள் என் அலமாரியிலேயே இருக்கின்றன.

துணைவிதியில் உறுப்பினர் தகுதியை எழுதும்போது கவனமாக இருங்கள். ‘இப்பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்’ என்று பழைய மாதிரிகளைப் பார்த்து எழுதிவிட்டால், நீங்கள் இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களைச் சட்டப்படியே வெளியில் நிறுத்தியவராவீர்கள். ‘இப்பள்ளியில் ஏதேனும் ஒரு கல்வியாண்டு பயின்றவர்’ என்று எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் சங்கத்துக்கு அனுப்பினால், அவர் உங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவராகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். உரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது.

மீதப் பணத்தில் பள்ளிக்கு ஏதாவது செய்யத் தோன்றும். வாங்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், என்ன தேவை என்று தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புபவர்களுக்காக 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு செட், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தது; வடிகட்டி மாற்றுவதற்கு யார் பணம் கொடுப்பது என்று பேசி வைக்காததால் ஓராண்டில் நின்றுபோனது. கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் பளபளப்பாக இருக்கிறது.

குகைவாசி 96

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள்.

ஐயா சொன்னபடி கடிதம் கொடுத்தேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு, “இதுவரை வந்தவர்கள் எல்லோரும் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியலைத்தான் கேட்டார்கள்” என்றார். சேர்க்கைப் பதிவேட்டைக் காலிகோ அட்டை கிழிந்து சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். என் நண்பரின் வரியில், விலகிய தேதியாக 12.11.1993 என்றும், காரணமாகத் ‘தொடர் வருகையின்மை’ என்றும் நீல மையில் எழுதியிருந்தது. அதே கையெழுத்தில் அதே காரணம் அந்தப் பக்கத்தில் மட்டும் ஐந்து இடங்களில் இருந்தது. தந்தை தொழில் என்ற பத்தியில் ‘நெசவு’, ‘வெள்ளி வேலை’, ‘கூலி’. எல்லாவற்றையும் எழுதி முடிக்க மதியமாகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு வராமல் நின்றவர்கள் 37 பேர். அதில் நாங்கள் இதுவரை நேரில் பார்த்தது 22 பேரை. மூவர் இறந்துவிட்டார்கள், ஒருவர் வீட்டில் அவருடைய மகன் அழைப்பிதழை வாங்கிக்கொண்டு, அப்பாவின் பள்ளிப் படம் எங்களில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டான். ஒன்பதாம் வகுப்பில் எடுத்த குழுப்படம்தான் எங்களிடம் இருக்கிறது, அவர் ஏழிலேயே நின்றவர்.

ஐந்துரோடு நண்பர் சொன்னதும் நடந்தது. இருவர் தெளிவாக வரமாட்டோம் என்றார்கள், நாங்கள் வற்புறுத்தவில்லை. குழுவில் ஏற்காட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களோடு நான்கு நாள் வாக்குவாதம் ஓடியது. கடைசியில், பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை பகல் சந்திப்பு, விரும்புபவர்கள் அன்று மாலை தங்கள் செலவில் மலைக்குப் போவது என்று முடிவானது. ஆடித் திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. பெண்களுக்கான அழைப்பிதழ்களை எங்கள் வகுப்புத் தோழியர் மூவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அழைப்பிதழில் ‘1996ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்கள்’ என்று ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்திருந்த வரியை நிறுத்தி, ‘1991ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள்’ என்று மாற்றினோம். அச்சகத்தில் அச்சுத் தட்டு மாற்றியதற்குத் தனியாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் அழைப்பிதழைச் சிவதாபுரத்துக்குத்தான் கொண்டுபோனேன். நண்பர் கையில் கரி இருந்ததால் விளிம்பைப் பிடித்து வாங்கி, அந்த வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு பட்டறை முதலாளியிடம் காட்டி, “ஞாயிற்றுக்கிழமைதான், சனிக்கிழமை கூலி வாங்கியதும் சட்டை எடுத்துக்கொள்ளலாம்” என்றார். அக்கா மகளின் கொலுசும் அன்றைக்கே முடிந்திருந்தது. திருகாணி சரியாகப் பொருந்துகிறதா என்று இரண்டு முறை போட்டுக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.